பத்து இலக்கச் சாவி

"எங்க வைஃபையை யாரோ எடுக்கிறாங்க தம்பி." மதுரையில் வீட்டு இணைய இணைப்பு வேலை பார்க்கிற எவனுக்கும் இந்தப் புகார் வராத வாரம் கிடையாது. புகாரோடு ஒரு பெயரும் பெரும்பாலும் தயாராக இருக்கும்: மாடியில் குடியிருக்கும் பையன்கள், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன், புதிதாகக் குடிவந்த குடும்பம். அந்தப் பெயரை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. பெட்டியைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கத் தொடங்கினால் வேலை கெட்டுவிடும் என்பது இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த முதல் பாடம்.

முதலில் லேப்டாப்பைக் கேபிள் போட்டு நேராக மோடத்தில் சொருகிப் பார்ப்பேன். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால், பாதி வீடுகளில் காரணம் திருட்டே இல்லை. மோடம் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ உட்கார்ந்திருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் இன்னொரு சங்கடம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் வைக்க முடிவது 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். முப்பது வீட்டு மோடங்கள் அந்த மூன்றில் அடித்துக்கொண்டால் யாருக்கும் வேகம் கிடைக்காது. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம்கூட வரும். திருடன் இருக்கிறான் என்று நம்பிவிட்டவருக்குச் சேனல் நெரிசல் சமாதானம் ஆகாது.

அதற்குப் பிறகுதான் பட்டியல். மோடத்தின் உள்பக்கத்துக்குள் போனால், அந்த நேரத்தில் எந்தெந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்று காட்டும். அதை நான் தனியாகப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படிப்பேன். "இந்த சாம்சங் யாரோடது? இந்த ரெட்மி?" ஒவ்வொருவரும் தன் போனில் வைஃபையை அணைக்க, பட்டியல் ஒவ்வொரு வரியாகக் குறையும். கடைசியில் மிஞ்சுவதுதான் விசாரணைக்கு உரியது. முன்பெல்லாம் ஒவ்வொரு போனுக்கும் நிலையாக இருக்கும் மேக் எண்ணை வைத்துச் சரிபார்ப்போம். 2019, 2020க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தானாக ஒரு எண்ணை உருவாக்கிக் காட்டுகின்றன. அதனால் இப்போது அணைத்துப் பார்ப்பதுதான் எளிய வழி.

வில்லாபுரத்தில் ஒரு காம்பவுண்டு. கீழே வீட்டுக்கார அம்மா, பக்கவாட்டில் மூன்று குடித்தனம், மாடி அறையில் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள். அம்மாவின் மகன் வெளியூரிலிருந்து செயலி வழியாகப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தெரியாத சாதனம் ஒன்று ராப்பகலாக இருக்கிறது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எல்லாப் போனையும் டிவியையும் அணைத்த பிறகும் அது அசையவில்லை. பெயர் இ.எஸ்.பி. என்று தொடங்கி, பின்னால் எண்ணும் எழுத்துமாக ஓடியது. பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது. அது ஷாங்காய் நிறுவனம் ஒன்று செய்யும் மலிவான வைஃபை சில்லு. ஸ்மார்ட் பல்பு, பிளக், சுவிட்ச் என்று எதற்குள்ளும் இருக்கும், போனுக்குள் இருக்காது. "அம்மா, சமீபத்துல புதுசா ஏதாச்சும் மாட்டுனீங்களா?" தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் பெட்டி ஒன்றை எலக்ட்ரீசியன் மாட்டிப்போயிருந்தார். அதன் சுவிட்சை அணைத்தேன். பட்டியல் காலியானது.

"அந்தப் பயலுகள நேத்து வாசல்ல வச்சே ஏசிட்டேனே தம்பி" என்றார் அம்மா. நான் கம்பியைச் சுருட்டிக் கிளம்புவதற்குள் அவரே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே பிறர் எடுத்த வீடுகளும் உண்டு. அவற்றில் நான் கண்டது பெரும்பாலும் உடைத்து நுழைந்த கதை அல்ல, கையில் கொடுத்த கதை. கீழே மெஸ், மேலே ஓய்வுபெற்ற அரசு ஊழியரின் குடும்பம் என்று ஒரு கட்டடம். "வீடியோ கால் பேசுனா நமக்கு அவங்க தெரியுறாங்க, அவங்களுக்கு நாம தெரியலை" என்பது சாரின் புகார். அது நல்ல துப்பு. கீழே இறங்கும் டேட்டா சரியாக இருந்து மேலே ஏறும் டேட்டா மட்டும் அடைபட்டிருக்கிறது. வீட்டில் இருக்கிறவர்கள் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், அதெல்லாம் இறக்கம். நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருப்பது கேமராதான். பட்டியலில் கேமராப் பெயர் இருந்தது. சார் வீட்டிலோ கேமரா கிடையாது. விசாரித்தால், கீழே மெஸ்ஸுக்குக் கேமரா மாட்ட வந்தவர், "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும் சார்" என்று மாடியில் பாஸ்வேர்டு வாங்கி, சோதித்து, அப்படியே விட்டுப் போய்விட்டார். மெஸ்காரருக்கே தன் கேமரா யார் இணைப்பில் ஓடுகிறது என்று தெரியாது. பணம் தருகிறேன் என்று மேலே வந்தார். சார் வாங்கவில்லை. பாஸ்வேர்டை மட்டும் மாற்றச் சொன்னார்.

சில வீடுகளில் பட்டியலில் ஒரே ஒரு அந்நிய வரி இருக்கும், ஆனால் இழுப்பு பத்துப் பேருக்கானதாக இருக்கும். பக்கத்து வீட்டில், நம் வைஃபையை வாங்கி நீட்டித் தரும் ரிப்பீட்டர் வைத்திருப்பார்கள். சில ரிப்பீட்டர்களுக்குப் பின்னால் எத்தனை போன் இருந்தாலும் நம் மோடத்துக்கு ஒன்றாகவே தெரியும்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது தாமிரக் கம்பியில், தொலைபேசி லைன் வழியாக இணையம் வந்தது. மாதத்துக்கு இவ்வளவு என்று டேட்டா அளந்து கொடுத்த காலம். மீறினால் எம்.பி. கணக்கில் பணம். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை கணக்கில் சேராது என்ற திட்டம் பிரபலமாக இருந்ததால், மாணவர்கள் அலாரம் வைத்து எழுந்து படம் இறக்குவார்கள். அப்போது வந்த வைஃபை மோடங்கள் பலவற்றைப் பாஸ்வேர்டு ஏதும் இல்லாமல் திறந்தபடியே வைத்துவிட்டு வருவது வழக்கம். போனில் தேடினால் பெயர் வரும், தொட்டால் சேரும். வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார், வேலை முடிந்தது. மாதக் கடைசியில் பில் வந்தபோதுதான் பலருக்கு முதுகில் வேர்த்தது.

2008இல் பயம் வேறு வடிவத்தில் வந்தது. ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐ.பி. முகவரியைத் துரத்திய போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஒரு குடியிருப்பில். அங்கு வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரின் வைஃபையை யாரோ வெளியிலிருந்து பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்த மாதம் மும்பையில் ஒரு கல்லூரி, செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு நிறுவனம் என்று அதே முறையில் மின்னஞ்சல்கள் தொடர்ந்தன. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் முதலில் ஆள் வரும். சம்பந்தமில்லை என்று பிறகு தெரியலாம். அதுவரை அந்தக் குடும்பம் படுகிற பாட்டுக்கு யாரும் ஈடு தர முடியாது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. "அந்தப் பூட்டு போடுறதுக்கு வாங்க" என்று மதுரையிலும் போன்கள் வரத் தொடங்கின.

அன்று நாங்கள் போட்ட பூட்டு பெரும்பாலும் வெப் (WEP) என்ற பாதுகாப்பு முறை. 1997இல் முதல் வைஃபை தரத்தோடு வந்தது. அதன் மறையாக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று 2001இலேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் எழுதிவிட்டார்கள். 2005இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. ஆட்கள் ஒரு கூட்டத்தில் மூன்று நிமிடங்களில் உடைத்துக் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தார் அதை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு மாற்றான டபிள்யூ.பி.ஏ. 2003இலும் டபிள்யூ.பி.ஏ. 2 அதற்கடுத்த ஆண்டிலும் வந்துவிட்டன. ஆனாலும் பழைய லேப்டாப் சேராது என்று சொல்லி, எங்கள் பக்கம் வெப் நெடுங்காலம் நின்றது.

இங்கே நான் அதிகம் யோசித்த ஒரு விஷயம் இருக்கிறது. வெப்பின் சாதாரண சாவி சரியாகப் பத்து இடம் கொண்டது. 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் மட்டுமே செல்லும். ஒன்பது போட்டால் ஏற்காது, பதினொன்று போட்டாலும் ஏற்காது. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான பத்து இலக்க எண் எது? செல்போன் நம்பர். மோடம் வைக்கப் போன பையன்கள், "உங்க நம்பரையே போட்டுறேன் சார், மறக்காது" என்று போட்டார்கள். வெப் போய்விட்டது. தாமிரக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. போன் நம்பர் போடும் பழக்கம் மட்டும் அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று கைமாறி இன்னும் நிற்கிறது. இது என் கணிப்புதான். ஆனால் நான் கைவைத்த மோடங்களில் இதைவிட அதிகம் கண்ட பாஸ்வேர்டு வேறில்லை.

அந்த நம்பர் வாசல் பலகையில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, பால்காரரிடமும் கேஸ் போடுகிறவரிடமும் இருக்கிறது. வைஃபை பெயரிலேயே வீட்டுக்காரர் பெயரை வைத்துவிட்டால் தேட வேண்டிய சிரமமும் இல்லை. நம்பர் தெரியாத அந்நியனுக்கும் அது பெரிய மலை அல்ல. ஒரு போன் வைஃபையில் சேரும்போது மோடமும் அதுவும் காற்றில் பரிமாறிக்கொள்ளும் சிறு உரையாடலைத் தெருவில் நின்றே பிடித்துவிடலாம். பிறகு வீட்டுக்குப் போய், கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பொருத்திப் பார்க்கலாம். மோடத்துக்கு எதுவும் தெரியாது, தவறான முயற்சி என்று தடுக்கவும் அது அங்கே இல்லை. நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்குவதால் மொத்தம் 400 கோடி. விளையாட்டுக்கென்று வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு நான்கு லட்சம் போட்டுப் பார்க்கும் என்று வைத்தால், 10,000 விநாடி. மூன்று மணி நேரம்கூட ஆகாது. பிறந்த தேதியை எட்டு இலக்கமாகப் போடுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். நூறு ஆண்டில் இருப்பது முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் தேதிகள். கண் இமைக்கும் முன் முடிந்துவிடும்.

இதைச் சொன்னதும் சிலர் எங்கேயோ கேட்ட வைத்தியங்களைக் கொண்டுவருவார்கள். "பேரை மறைச்சு வச்சிரலாமா?" மறைத்த பெயரையும் நம் போன் சேரும்போது காற்றில் சொல்லித்தான் சேர்கிறது. "நம்ம போன்களை மட்டும் அனுமதிச்சா?" மேக் எண்ணும் மறையாக்கம் இல்லாமல் காற்றில் போவதுதான், பார்த்து அப்படியே நடிக்கலாம். இவை இரண்டும் வீட்டுக்கு விருந்தாளி வரும்போது தொந்தரவு தருவதைத் தவிர வேறு பலன் தருவதை நான் கண்டதில்லை. உண்மையில் அணைக்க வேண்டியது டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை. பாஸ்வேர்டு தட்டாமல் எட்டு இலக்க எண்ணால் சேரும் வழி அது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு மட்டும். மீதி ஏழையும் மோடம் நான்கு, மூன்று என்று இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது. அதனால் ஒரு கோடி வாய்ப்பு வெறும் 11,000 ஆகச் சுருங்கிவிடுகிறது என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் வெளியிட்டார். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் பயனில்லை.

காம்பவுண்டுகளில் வளர்ந்த ஊர் இது. ஒரு குழாய், ஒரு கிணறு, ஒரு மொட்டைமாடி என்று பகிர்ந்து வாழ்ந்தவர்களிடம் போய், வைஃபையை யாருக்கும் கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். ஊரடங்கு நாட்களில் ஒரு வீட்டு இணைப்பில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பு படித்ததைப் பார்த்தவன் நான். கொடுப்பது நல்லது, யாருக்குக் கொடுத்தோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க். தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. சரியாக அமைத்தால் அதில் சேர்கிறவர்கள் இணையத்துக்குப் போகலாம், வீட்டுக் கணினியையோ கேமராவையோ தொட முடியாது. குடித்தனம் காலி செய்து போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். தண்ணீர் மோட்டார்ப் பெட்டி, ஸ்மார்ட் பல்பு மாதிரிப் பொருள்களையும் நான் அதிலேயே சேர்த்துவிடுவேன். மலிவான பெட்டிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது அபூர்வம். அவை வீட்டுப் போன்களோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் கேட்காமல் எடுத்தால் சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு சிறை, ஐந்து லட்சம் அபராதம் வரை போகலாம். அதைச் சொல்லி மிரட்ட ஒரு வீட்டிலும் நான் இடம் கொடுத்ததில்லை. கெஸ்ட் பாஸ்வேர்டு அந்த வேலையைச் சண்டையில்லாமல் செய்துவிடுகிறது.

புது இணைப்பு வைக்கிற அன்று நான் விடாப்பிடியாக நிற்பது ஒன்றில்தான்: பாஸ்வேர்டை வீட்டுக்காரரே தன் கையால் தட்ட வேண்டும். நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். எனக்குத் தெரியாத பாஸ்வேர்டை நான் யாருக்கும் சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் வருகிற லைன்மேனும் கேமராக்காரரும் வீட்டாரைத்தான் கேட்டாக வேண்டும். "எனக்கு என்ன தம்பி தெரியும், நீங்களே ஏதாச்சும் போடுங்க" என்பார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். சாமி பெயரோடு 123 வேண்டாம், படப்பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து வீட்டுச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள்: சுளகு, தூக்குவாளி, பரண், நாவற்பழம் என்கிற மாதிரி. 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. ஒற்றைக்குறியும் நட்சத்திரமும் போட்ட எட்டு எழுத்தைவிட இந்த நீளம் பலமானது, வயதானவர்களுக்கு நினைவிலும் நிற்கும். நினைவில் நிற்காவிட்டால் கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள் என்பேன். எழுதிவைக்கவே கூடாது என்பது அலுவலகத்துக்குச் சொன்ன விதி. தெருவில் நின்று அலையைப் பிடிக்கிறவன் நம் அலமாரிக்குள் இருக்கும் புத்தகத்தைப் படிக்க முடியாது.

பெரியவர்கள் எச்சரிக்கையாக இருந்தாலும் பிள்ளைகள் வழியாகப் பாஸ்வேர்டு போகும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள, சேர்ந்திருக்கிற எந்தப் போனும் வைஃபையைக் கியூஆர் படமாகக் காட்டிவிடும். பக்கத்தில் இருப்பவன் படம் பிடித்தால் போதும். அதனால் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நண்பர்களுக்கு எந்தப் பெயரைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிடுவேன். அவர்கள்தான் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

வைஃபை பாஸ்வேர்டு ஒன்று; மோடத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறொன்று. இரண்டாவதைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. அட்மின், அட்மின் என்று இரண்டு இடத்திலும் அதே சொல் இருந்த மோடங்கள் ஏராளம். 2016இல் மிராய் என்ற தீநிரல், இப்படித் தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. 2018இல் பிரேசிலில் பெருமளவு ரவுட்டர்களில், தட்டிய இணைய முகவரிக்கு வழி காட்டும் டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, வங்கி முகவரி தட்டியவர்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பினார்கள். டேட்டா போனால் பணத்தோடு போயிற்று. இது வங்கிக் கணக்குக்கே வருகிற வினை. ஆகவே அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து மோடத்துக்குள் வரும் வழியையும் அடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் அதையும் டபிள்யூ.பி.ஏ. 2ஐயும் கலந்து வைப்பேன். மூன்றில், நான் மேலே சொன்னபடி உரையாடலைப் பிடித்துப்போய் வீட்டில் வைத்துப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் பழைய பிரிண்டரும் மலிவுப் பெட்டிகளும் மூன்றில் சேர மறுக்கும். எல்லாச் சாதனமும் புதிதாக இருக்கும் வீட்டில் மட்டும் தனி மூன்று.

இன்னொன்று. மாற்றிய பழைய மோடத்தை அப்படியே காயலான் கடைக்குப் போடுகிறார்கள். உள்ளே பாஸ்வேர்டு இருக்கிறது, சில மோடங்களில் இணைப்பின் பயனர் பெயரும் இருக்கிறது. பின்னால் ஊசி நுழையும் துளையில் ரீசெட் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திவிட்டுப் போடுங்கள்.

இவ்வளவையும் செய்ய இருபது நிமிடம் கூடுதலாகும். அந்த இருபது நிமிடத்துக்குத்தான் யாரும் கூலி வைக்கவில்லை. ஃபைபர் இழுக்கும் பையன்களுக்கு ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. வெயிலில் கம்பம் ஏறி, ஸ்ப்ளைசிங் முடித்து, அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்போது, "உங்க நம்பரையே போட்டுறேன் சார்" என்று சொல்கிற பையனை என்னால் திட்ட முடியவில்லை. இணைப்பு முடிந்ததும் நிரப்புகிற தாளில் ஃபைபர் ஒளியின் அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது; மைனஸ் 27க்குக் கீழே போனால் வேலையை ஏற்க மாட்டார்கள். கம்பியின் நீளத்துக்கு, மோடத்தின் சீரியல் எண்ணுக்கு, கையெழுத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. பாஸ்வேர்டை யார் தட்டியது என்று ஒரு கட்டம் வையுங்கள், அதற்கு ஒரு தொகையும் சேருங்கள் என்று நான் வேலை செய்த இடங்களிலெல்லாம் கேட்டுவருகிறேன். இன்னும் அச்சில் வரவில்லை. என்னிடம் தொழில் பழகும் பையன்கள் தாளின் அடியில் பேனாவால் அந்த வரியை எழுதி, வீட்டுக்காரரிடம் தனியாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.